லேசான நாட்களில் ஒரு டன் மண்: ஓர் ஓட்டக்காரரின் சனிக்கிழமைகள்

கோவையில் பொழுதுபோக்காக ஓடுபவர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இங்கே எழுதுவது ஒரே ஒருவரின் கதை. அவரும் அவர் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டேன். அபூர்வமான காயமோ சிக்கலான சிகிச்சையோ இதில் இல்லை. பயிற்சி அட்டவணையில் 'லேசான நாள்' என்று எழுதியிருந்த நாள்தான் அந்த வாரத்திலேயே கனமான நாளாக இருந்தது, அது யார் கண்ணிலும் படவில்லை. அதற்காகத்தான் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 43. வங்கி ஊழியர். வீடு கோவையின் மேற்குப் புறநகரில், பின்னால் ஐந்து சென்ட் காலி இடத்தோடு. மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன், கூடவே இருக்கும் அப்பா. அப்பா அந்தக் காலத்தில் விவசாயம் பார்த்தவர்.

ஓட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முதலில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதற்காக ஓடினார், அப்புறம் பிடித்துப்போய் ஓடினார். அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) இரண்டு முடித்திருந்தார். மூன்றாவதாக டிசம்பரில் நடக்கும் ஓர் ஓட்டத்துக்கு ஆகஸ்ட்டிலேயே தயாராகத் தொடங்கினார்.

அட்டவணை நல்ல அட்டவணைதான். செவ்வாய் மெதுவாக ஆறு கிலோமீட்டர், புதன் வேகமும் நடையும் மாறி மாறி வரும் இன்டர்வல், வெள்ளி நடுத்தர ஓட்டம், சனி லேசான நாள், ஞாயிறு குழுவோடு நீண்ட ஓட்டம். திங்களும் வியாழனும் ஓய்வு. உலகத் தரத்து ஓட்டக்காரர்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதத்தை மெதுவாகவே செய்கிறார்கள் என்று ஸ்டீபன் செய்லர் என்ற ஆய்வாளர் கண்டு சொன்னது இன்று எல்லா ஓட்டக் குழுக்களிலும் புழங்கும் பேச்சு. இவரும் அதை மதித்தார். சனிக்கிழமை பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் 40 நிமிடம், முடிந்ததும் மொட்டை மாடியில் பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். காலை ஏழு மணிக்கெல்லாம் பயிற்சி முடிந்துவிடும்.

வீட்டில் ஒரு மனக்குறை இருந்தது. ஞாயிறு காலை முழுக்க ஓட்டத்துக்கும், அதற்குப் பிறகு குழுவோடு டிபனுக்கும் போய்விடும். வங்கிக்கு மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைதான் விடுமுறை. மனைவி ஒருநாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கிழமை உங்க ஓட்டத்துக்குப் போவட்டும். லீவு சனிக்கிழமை எங்களுதுங்க."

நியாயமான ஒப்பந்தம். அன்றைக்கு எப்படியும் லேசான நாள்தானே என்று அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

புறக்கடை வேலைகள்

முதல் வேலை கோழிக்கூண்டு. மகனுக்கு நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு லீவு சனியிலும், செப்டம்பர் இரண்டாவது சனியிலும் வேலை நடந்தது. ஆறு இன்ச் ஹாலோ பிளாக்கை வாசலிலிருந்து பின்பக்கம் கொண்டுபோய் இரண்டு வரிசை அடுக்கினார்கள். மேலே சவுக்குக் கம்பு, கோழி வலை, தகரக் கூரை. கட்டுக்கம்பியை முறுக்கும் வேலை மகளுடையது, பிளையரை யாருக்கும் தரமாட்டாளாம். அந்த இரண்டு ஞாயிறும் கால் கொஞ்சம் கனமாக இருந்ததாக அவருக்கு நினைவு. வலி எதுவும் இல்லை.

இரண்டாவது வேலை மழைநீர்க் குழி. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதற்குப் பிறகு கட்டிய வீடு என்பதால் குழி ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் பல வருட வண்டல் அடைத்து, தண்ணீர் இறங்காமல் சுவரோரம் தேங்கியது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சுவரை விட்டுத் தள்ளிப் புதிதாக ஒன்று தோண்டுவது என்று முடிவு. மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் நான்கடி.

இதை மனதில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முப்பத்தாறு கன அடி என்பது ஏறக்குறைய ஒரு கனமீட்டர். அவ்வளவு மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அதைக் கடப்பாரையால் குத்தி, மண்வெட்டியால் வெட்டி, பாண்டு சட்டியில் வாரி மேலே தூக்க வேண்டும். முக்கால்வாசி வேலையை அவர் ஒருவரே செய்தார். அப்பாவுக்கு முழங்கால் வலி, குழிக்குள் இறங்கவில்லை. பிள்ளைகள் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

செப்டம்பர் நான்காவது சனியில் ஒன்றரை அடி. அக்டோபர் இரண்டாவது சனியில் இன்னும் ஒன்றரை அடி.

வலி வந்த விதம்

செப்டம்பரில் முதல் தடவை தோண்டிய மறுநாள், 16 கிலோமீட்டர் ஓட்டத்தில் வலது பிட்டத்துக்குக் கீழே இறுக்கம் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டரில் விட்டுவிட்டது. 'தசை பிடித்திருக்கும்' என்று குழுவில் ஒருவர் சொல்ல, அன்றிலிருந்து தினமும் கால்களை நீட்டிக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட ஆரம்பித்தார். நாலைந்து நாளில் வங்கி நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் அதே இடம் உறுத்தியது. அடுத்த ஞாயிறு ஓட்டம் பரவாயில்லை. வலி போய்விட்டதாக நினைத்தார்.

அக்டோபரில் இரண்டாவது தடவை தோண்டிய மறுநாள் 18 கிலோமீட்டர். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஒரு மேம்பாலத்தில் ஏறும்போது நின்றுவிட்டார். மீதி தூரம் ஆட்டோ.

பரிசோதனையில் தெரிந்தவை

அந்த வாரமே என்னிடம் வந்தார். விரலால் காட்டச் சொன்னதும் யோசிக்காமல் ஒரே இடத்தைத் தொட்டார்: வலது பிட்டத்தின் அடியில், உட்காரும்போது தரையில் படுகிற எலும்பு. நடக்கும்போது வலி இல்லை. மேடு ஏறினால், வேகம் கூட்டினால், கார் ஓட்டினால் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடானதும் குறையும், முடித்த பிறகு திரும்ப வரும்.

'பட்' என்று அறுந்தாற்போன்ற உணர்வு எப்போதும் வரவில்லை, கன்றிப்போன நிறமும் இல்லை. எனவே தசை கிழிந்திருக்க வாய்ப்பு குறைவு. முதுகை எல்லாப் பக்கமும் அசைத்தும், உட்கார்ந்து தலையைக் குனிந்து காலை நீட்டியும் பார்த்தோம். வலி காலுக்குக் கீழே ஓடவில்லை, மரமரப்பு இல்லை. இடுப்பு நரம்புச் சிக்கலின் சாயல் தெரியவில்லை. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் இல்லை. மல்லாந்து படுத்து, குதிகாலைத் தள்ளி ஊன்றி, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கச் சொன்னபோது அதே இடத்தில் அதே வலி வந்தது. இடது பக்கம் சுத்தமாக இருந்தது.

பின்தொடைத் தசையை எலும்போடு இணைக்கும் நாண், உட்காரும் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் நொந்துபோயிருக்கிறது என்பது என் முடிவு. ஸ்கேன் கேட்கவில்லை. வலி இருந்த விதமும் சோதனைகளும் ஒரே பக்கம் காட்டின, எம்ஆர்ஐ எடுத்தாலும் அடுத்த ஆறு வாரம் நான் சொல்லப்போவது மாறியிருக்காது. ஆறு வாரத்தில் முன்னேற்றம் இல்லாவிட்டால் எடுப்பது என்று பேசிக்கொண்டோம்.

ஏன் வந்தது?

காயத்தின் பெயர் தெரிந்துவிட்டது. காரணம்தான் பிடிபடவில்லை. வாரத்தில் ஓடும் தூரம் நிதானமாகத்தான் ஏறியிருந்தது. காலணி புதிது. தூக்கம் பரவாயில்லை. கைபேசிச் செயலியைத் திறந்து காட்டினார். சனிக்கிழமைகளில் எல்லாம் பச்சை நிறம், 'நன்றாக மீண்டிருக்கிறீர்கள்' என்று பாராட்டு.

மூன்று மாத ஞாயிற்று ஓட்டங்களை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொன்னேன். தூரம், வேகம், எப்படி இருந்தது என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் அவருக்கே தெரிந்தது. மோசமான ஞாயிறுகள் எல்லாம் வங்கி விடுமுறைச் சனிக்கு மறுநாள். வேலைக்குப் போன சனிக்கு அடுத்த ஞாயிறுகள் எல்லாம் நன்றாக ஓடியவை.

"லீவு அன்னைக்கு வீட்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் குழி பற்றி முதல் தடவையாகச் சொன்னார். அதை அவர் மறைக்கவில்லை. அது அவர் மனதில் 'பயிற்சி' என்ற கணக்கிலேயே இல்லை, அவ்வளவுதான். தோண்டும்போது கைக்கடிகாரம் என்ன காட்டியது என்றேன். "அதக் கழட்டி ஜன்னல்ல வெச்சிட்டனுங்க. மண்ணு பட்டா கண்ணாடி கீறிருமில்லீங்க?"

செயலியின் பச்சை நிறத்துக்கு விளக்கம் கிடைத்தது.

கார்ல் ஃபாஸ்டர் என்ற உடற்பயிற்சி ஆய்வாளர் முன்வைத்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரு பயிற்சி எவ்வளவு கடினம் என்று பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்களோ, அதை நிமிடங்களால் பெருக்குவது. அக்டோபர் வாரத்துக்குப் போட்டுப் பார்த்தோம். செவ்வாய் 120, புதன் 420, வெள்ளி 200, சனி ஓட்டம் 120, ஞாயிறு முழுதாக ஓடியிருந்தால் 625. மொத்தம் 1,485. குழி தோண்டியதற்கு அவர் ஆறு மதிப்பெண் கொடுத்தார். தேநீர் இடைவேளை போக 150 நிமிடம். அதாவது 900. லேசான சனிக்கிழமையின் மொத்தச் சுமை 1,020 ஆனது, நீண்ட ஓட்டத்தையும் தாண்டி. வாரச் சுமை 60 சதவீதம் எகிறியிருந்தது. உடற்பயிற்சிக்கென்று வந்த கணக்கை மண்வெட்டி வேலைக்குப் போடுவது கொஞ்சம் முரட்டுத்தனம்தான், அதுவும் நினைவிலிருந்து கொடுத்த மதிப்பெண். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் சனிக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், லேசான நாள் ஆகாது.

ஆனால் சுமை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. கொத்துவது போன்ற தோட்ட வேலைக்கு உடல் செலவழிக்கும் ஆற்றல் சும்மா இருப்பதைவிடச் சுமார் ஐந்து மடங்கு, மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓட எட்டு மடங்குக்குச் சற்று மேல். மூச்சை வைத்துப் பார்த்தால் ஓட்டம்தான் கடினம். வித்தியாசம் உடம்பு நிற்கும் நிலையில் இருக்கிறது. நம் ஊர் மண்வெட்டிக்குக் காம்பு குட்டை. நிமிர்ந்து நின்று காலால் மிதித்து அழுத்துகிற கருவி இல்லை அது, இடுப்பிலிருந்து நன்றாகக் குனிந்து இழுத்து வெட்ட வேண்டியது. அப்படிக் குனியும்போது பின்தொடை நாண் உட்காரும் எலும்பின் மேல் அழுந்துகிறது, அதே நேரத்தில் மண்ணின் எடையும் அதில்தான் விழுகிறது. இந்த நாணுக்குப் பிடிக்காத இரண்டும் ஒரே அசைவில்.

அறையிலேயே ஒரு குடையைக் கொடுத்து எப்படி வெட்டினார் என்று செய்துகாட்டச் சொன்னேன். வலது கால் முன்னால், முழங்கால் விறைப்பாக நீட்டியபடி, முதுகை வளைத்துக் கொத்தினார். வலப் பக்கம் மட்டும் நொந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது, பொருந்துகிறது. அவர் அப்பாவிடம் வீட்டில் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லையாம். "மம்முட்டியப் புடிக்கத் தெரியாம வெட்டுனா இடுப்பு போயிரும்னு அன்னைக்கே சொன்னனே கண்ணு. முட்டிய மடக்கோணும்."

பன்னிரண்டு சூரிய நமஸ்காரத்தில் வருகிற பாதஹஸ்தாசனமும் (நின்று குனிந்து கையால் பாதத்தைத் தொடுவது), தினமும் கால் கட்டைவிரலைத் தொடுவதும், மறுபடி அதே நாணை அதே எலும்பின் மேல் அழுத்தியவை. குணமாகட்டும் என்று செய்ததே வலியைத் தக்கவைத்தது.

எடுத்த முடிவுகள்

ஓட்டத்தை முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. நாணுக்கு முழு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் பலமும் இறங்கும், திரும்ப ஓடும்போது பழையபடி வந்து நிற்கும். சமதளத்தில், மெதுவாக, அரை மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடியிருக்கக் கூடாது. இன்டர்வலும் மேம்பாலமும் இல்லை. குனிந்து நீட்டும் எல்லாமே நிறுத்தம். சூரிய நமஸ்காரத்தை விட அவருக்கு மனமில்லை. குனியும் கட்டத்தில் முழங்காலை மடக்கிப் பாதிவரை போனால் போதும் என்று சமரசம் செய்துகொண்டோம்.

பயிற்சியில் முதலில் அசையாமல் பிடித்து நிற்பவை: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி 45 விநாடி, ஐந்து தடவை, காலை மாலை. அடங்கிய பிறகு ஒற்றைக் காலில். அதன் பிறகே, வலி அனுமதித்தால், எடையோடு குனிந்து நிமிர்வது. கார் இருக்கையிலும் வங்கி நாற்காலியிலும் தடிமனான திண்டு, அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நிற்பது.

அடுத்த கேள்வி குழி. மூன்றடி ஆழத்தில் பாதியில் நின்றது, மழை எந்நேரமும் வரலாம், வீட்டில் எட்டு வயதுப் பையன். அன்று மாலையே பலகை போட்டு மூடினார்கள். மீதியை மெதுவாகத் தானே தோண்டுகிறேன் என்றார் இவர். குடும்பமாகச் செய்கிற வேலையில் கூலிக்கு ஆள் வைப்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது.

இதை அவிழ்த்தவர் அவர் மனைவி, நான் இல்லை. தோண்டின இரண்டு சனிக்கிழமையும் பிள்ளைகள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள், அதில் குடும்ப வேலை எங்கே இருந்தது என்று கேட்டார். கோழிக்கூண்டில் ஆளுக்கொரு வேலை இருந்தது, குழியில் இவருக்கு மட்டும்தான் இருந்தது. "தோண்டறதுக்கு ஆள வெச்சுக்கலாங்க. ரொப்பறது நாம." எனக்கு அந்த வாரம் முழுக்கக் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அது. ஓர் ஆள் அரை நாளில் மீதி ஓரடியை முடித்துவிட்டுப் போனார். அடியில் பெரிய கல், அதன் மேல் உடைந்த செங்கல், அப்புறம் ஜல்லி, மேலே மணல் என்று நிரப்புவதைப் பிள்ளைகள் செய்தார்கள். செங்கல் தூசியைக் கழுவுவதிலேயே மகன் ஒரு காலைப் பொழுதை ஓட்டினானாம். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து உத்தரவு போட்டார்.

வாரத்தின் அமைப்பையும் மாற்றினோம். சாதாரண வாரங்களில் பழையபடி ஞாயிறு குழு ஓட்டம். வங்கி விடுமுறை வரும் வாரங்களில் நீண்ட ஓட்டம் சனி விடிகாலைக்கு நகரும். புறக்கடை வேலை ஞாயிறு. திங்கள் எப்படியும் ஓய்வு. ஆக, கனமான வேலைக்கு மறுநாள் ஓட்டம் வராது. இதில் ஓர் இழப்பு உண்டு: மாதத்தில் இரண்டு ஞாயிறு குழு இல்லாமல் போகும், சனி இருட்டில் தனியாக ஓட வேண்டும். ஓட்டத்தில் பாதி சுகமே ஞாயிறு பேச்சுத்துணைதான் என்பவர் அவர். தயங்கித்தான் ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு

மூன்று வாரத்தில் உட்காரும் வலி பாதியானது. தீபாவளிக்கு மனைவியின் ஊரான தாராபுரம் பக்கம் காரில் போனார். திண்டை எடுத்துப்போக மறந்துவிட்டார், வழியில் நிறுத்தவும் இல்லை. போய் இறங்கியதும் வலி ஆரம்பித்த இடத்துக்கே திரும்பியிருந்தது. ஒரு வாரம் பின்வாங்கி, அசையாப் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்தக் காயத்தில் இப்படி ஏறி இறங்குவது சாதாரணம். அதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அவர் மனம் விடவில்லை.

ஆறாவது வாரம் ஒற்றைக் காலில் வலியில்லாமல் இடுப்பைத் தூக்கினார். எம்ஆர்ஐ தேவைப்படவில்லை. ஆனால் டிசம்பருக்குள் 21 கிலோமீட்டருக்குத் தேவையான நீண்ட ஓட்டங்கள் உள்ளே போகவில்லை. அரை மாரத்தானை 10 கிலோமீட்டராக மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு மாற்றினார். அந்தப் பத்தை வலியில்லாமல் முடித்தார். மகள் எல்லைக்கோட்டில் நின்று, "இவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

நீண்ட நேரம் உட்கார்ந்தால் வருகிற உறுத்தல் மட்டும் ஜனவரி கடைசி வரை போகவில்லை. ஓட்டத்தைவிட நாற்காலிதான் கடைசியில் விட்டது. பிப்ரவரியில் குழுவோடு 21 கிலோமீட்டரை ஒரு சாதாரண ஞாயிறு ஓட்டமாக ஓடினார், பதக்கம் இல்லாமல்.

குழி அந்தப் பருவமழையில் நன்றாகவே குடித்தது. சுவரோரத் தேக்கம் இல்லை.

மாற்ற வேண்டியவை

என் பக்கம்: புதிதாக வருபவர்களிடம் கேட்கும் கேள்விகளில் 'வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள்' என்பதற்கு அடுத்து, 'ஓடாத நேரத்தில் என்ன தூக்குகிறீர்கள், எதற்குக் குனிகிறீர்கள்' என்று சேர்த்திருக்கிறேன். வரும் பதில்கள் சுவாரசியமானவை. கல்யாண வீட்டில் பாத்திரம் தூக்கியவர், வீடு மாற்றியவர், மாடித் தோட்டத்துக்குச் செம்மண் மூட்டையை மூன்று மாடி ஏற்றியவர். யாருமே இவற்றை அட்டவணையில் எழுதியிருக்கவில்லை.

அவர் பக்கம்: ஒரு மணி நேரத்துக்கு மேல் குனிந்து செய்யும் வேலையை இப்போது ஓட்டத்தைப் போலவே குறித்துவைக்கிறார். நிமிடம், மதிப்பெண். கடிகாரம் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது, காகிதத்தில் எழுதுகிறார். முன்கால் முழங்காலை மடக்கி, அரை மணிக்கு ஒருதரம் கால் மாற்றி வெட்டக் கற்றுக்கொண்டார். நீளக் காம்பு போட்ட மண்வெட்டி ஒன்று வாங்கச் சொன்னேன். அதில் வெட்டு விழாது என்று அப்பா மறுத்துவிட்டார், அந்த விவகாரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த வேலை அவரைப் பந்தல். நான்கு கால் நட வேண்டும், காலுக்கு ஒன்றரை அடி குழி. ஒரு ஞாயிற்றுக்கு இரண்டு கால் என்று பிரித்து, அந்த இரண்டு திங்களையும் ஓய்வு என்று காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்கள். வட்டம் போட்டது மனைவி.